காதுக்கு எட்டும் திருவல்லிக்கேணி

சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் அந்தச் செய்தி திருவல்லிக்கேணிக்கு டிவி வழியாக வருவதில்லை. ஜன்னல் வழியாக வருகிறது. திரையில் பந்துவீச்சாளர் பந்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அதற்குள் வடக்கே மைதானத்துப் பக்கமிருந்து ஓர் ஆரவாரம் மொட்டைமாடிகளைத் தாண்டி வந்துவிடும். மேன்ஷன் அறைகளில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "விழுந்துச்சு பார்" என்று சொல்லிவிட்டு, அது விழுவதை அப்புறம் பார்ப்பார்கள். எதிரணி விக்கெட் என்றால் சத்தம் ஒரேயடியாக வெடித்து நீளும். பவுண்டரி என்றால் பந்து ஓட ஓட ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் உடையும். நம் ஆள் அவுட்டானால் எதுவுமே வராது. அந்த எதுவும் வராததையும் சரியாகக் கேட்கத் தெரிந்த பெரியவர்கள் இந்தப் பேட்டையில் உண்டு.

இதில் மாயம் ஒன்றுமில்லை. சென்னைச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். மைதானத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள தெருவுக்கு வந்துசேர மூன்று நொடி. டிவிப் படம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கக் கால் நொடிதான் ஆகும்; ஆனால் அதைச் சுருக்கி, அனுப்பி, நம் வீட்டுப் பெட்டியில் விரித்துக் காட்டுவதற்குள் பல நொடிகள் போய்விடுகின்றன. கைப்பேசியில் பார்ப்பவருக்கு அரை நிமிடம்கூடப் பிந்தலாம். ஒளி வேகத்தில் பறக்கும் செய்தியைக் காற்றில் நடந்து வரும் செய்தி முந்திவிடுகிறது.

நகரத்துச் சத்தம் என்றாலே ஒலி மாசு என்று ஆரம்பித்து, இத்தனை டெசிபல் என்று முடித்துவிடுவது நம் வழக்கம். அந்தப் பேச்சு அவசியம்தான். ஆனால் சத்தம் எவ்வளவு என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஒரு சத்தத்துக்குள் அது புறப்பட்ட தூரம், திசை, எந்தப் பொருள் எதன்மேல் பட்டது, இடையில் இருந்த காற்று சூடா குளிரா என்பதெல்லாம் இருக்கின்றன. நம் காது இவற்றை நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கிறது, நாம் கேட்காமலே.

காற்றின் சூடுகூடவா என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊரிலேயே நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் இடத்தில்தான் 1792இல் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம். அந்தக் காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். 1820, 1821 ஆண்டுகளில் கோல்டிங்காம் அதைத் தன் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டார். வெடிக்கும்போது தெரியும் பளிச்சைக் கண்ணால் பார்ப்பது, சத்தம் காதுக்கு வரும்வரை காலமானியின் துடிப்பை எண்ணுவது. பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். சத்தம் வர ஏறத்தாழ 26 நொடி. கோட்டை 4 கிலோமீட்டரைவிடச் சற்றே அதிகம், 12 நொடி. ஒவ்வொரு வெடிக்கும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரப்பதமானி ஆகியவற்றின் அளவுகளையும் காற்றின் போக்கையும் சேர்த்தே குறித்துக்கொண்டார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்த அட்டவணைகள் வெளிவந்தன. மெட்ராஸில் ஒலியின் வேகம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, டிசம்பர் ஜனவரியில் குறைகிறது, ஆண்டின் நடுவில் கூடுகிறது என்று அவை காட்டின.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஒலி நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடும். அது மட்டுமே கோல்டிங்காம் கண்ட ஏற்ற இறக்கத்துக்குப் போதாது. வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி வீசி, சத்தத்துக்கு உதவியும் உபத்திரவமும் செய்திருக்கும். எப்படியானாலும், ஒரு நகரத்தின் வழக்கமான சத்தத்தையே கருவியாக்கி அதன் காற்றை அளந்த வேலை அது. இன்று கோட்டையில் பீரங்கி வெடித்தால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் நிற்பவருக்குக் கேட்குமா என்பது சந்தேகம். அதைப் பற்றிப் பிறகு.

சூடு, குளிர் சமாச்சாரம் வேகத்தோடு நிற்பதில்லை. சத்தம் போகும் வழியையே அது வளைக்கிறது. மார்கழி விடியற்காலை நாலரை மணிக்குத் திருவல்லிக்கேணி மாடியில் நின்றால் எழும்பூர் ரயிலின் ஊதல் பக்கத்துத் தெருவில் ஊதுவதுபோல் கேட்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு அதே ரயில் அதே இடத்தில் அதே பலத்தோடு ஊதினாலும் காதில் விழாது. மற்ற இரைச்சல் ஓய்ந்திருப்பது ஒரு காரணம், பாதிக் காரணம். மீதிப் பாதி வானத்தில் இருக்கிறது.

பகலில் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகிறது. மேலே போகப் போகக் குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் ஒலியலையின் அடிப்பகுதி முந்திக்கொள்கிறது, மேல்பகுதி பின்தங்குகிறது, அலை முழுதும் வானத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. சில நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலே போய்விட்டது. மேகமில்லாத இரவில் நிலைமை தலைகீழ். தரை தன் சூட்டை இழந்து குளிர, அதன்மேல் குளிர்ந்த காற்று படிய, அதற்கு மேலே சற்றே சூடான காற்று நிற்கிறது. இப்போது அலையின் மேல்பகுதி முந்துகிறது. மேலே போன சத்தம் வளைந்து தரைக்கே திரும்புகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களில் இதை விளக்கினார்.

காற்று வீசும் திசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. காற்று சத்தத்தைச் 'சுமந்து வருகிறது' என்று சொல்கிறோம். ஆனால் நொடிக்கு ஐந்து மீட்டர் வீசும் காற்று 350 மீட்டர் ஓடும் ஒலிக்கு என்ன பெரிய உதவி செய்துவிடும்? விஷயம் வேறு. தரையருகே கட்டடங்களிலும் மரங்களிலும் உரசிக் காற்று மெதுவாகிறது, உயரத்தில் வேகமாக வீசுகிறது. அந்த வேக வித்தியாசம் காற்று போகும் பக்கமாகச் செல்லும் சத்தத்தைத் தரைக்கு வளைக்கிறது, எதிர்த்துச் செல்வதை மேலே தூக்கிவிடுகிறது. கடற்கரை ஊருக்கு இது தினசரி நாடகம். விடியற்காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று; அதனால் எழும்பூர் கேட்கிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து கிழக்கைக் கொண்டுவருகிறது. மெரினா அலைகளின் சத்தம்தான் வர வேண்டும், வருகிறதும். ஆனால் இடையில் காமராஜர் சாலை படுத்திருக்கிறது. கடற்காற்றுக்கு அலை, பஸ் என்ற பாகுபாடு கிடையாது.

மார்கழியில் அதிகாலை ஒலிபெருக்கிகள் அவ்வளவு தூரம் கேட்பதற்கும் இதே குளிர்ந்த தரைதான் உடந்தை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். இயற்கை அந்த நேரத்தில்தான் சத்தத்துக்கு மிகவும் ஒத்துழைக்கிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, நேரத்தைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வருவோம். ராத்திரி எங்கோ ஒரு சுவர்க்கோழி கத்துகிறது. பீரோவுக்குப் பின்னால் என்று போய்ப் பார்த்தால் வாசல் பக்கம் கேட்கும். வாசலுக்குப் போனால் சமையலறையில். நம் கோபத்தைக் கிளறுவதற்கென்றே இடம் மாற்றுவதுபோல் இருக்கும். பூச்சி நகரவே இல்லை. நம் காதுதான் திணறுகிறது.

சத்தம் வரும் திசையை மூளை இரண்டு கணக்குகளால் கண்டுபிடிக்கிறது என்று லார்ட் ராலே 1907இல் எழுதினார். இடப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் இடக்காதுக்கு முதலில் வரும். வலக்காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி வரும். அதிகபட்ச வித்தியாசம் 0.6 அல்லது 0.7 மில்லிநொடிதான். அந்தத் துளி நேரத்தை மூளை அளந்துவிடுகிறது. இந்த வழி தாழ்ந்த சுருதிச் சத்தங்களுக்குச் சரிப்படும். உயர்ந்த சுருதிக்கு இன்னொரு வழி: தலை குறுக்கே நின்று மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் குறைந்து விழும். இரண்டு வழிக்கும் நடுவில் ஒரு பலவீனமான இடைவெளி இருக்கிறது. 1936இல் ஹார்வர்டில் ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற இருவர் ஆளை மொட்டைமாடியில் உயரமான நாற்காலியில் உட்கார்த்தி, எதிரொலி இல்லாத திறந்தவெளியில் சோதித்துப் பார்த்தார்கள். 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் மனிதர்கள் திசையை மிக மோசமாகத் தவறவிட்டார்கள். சுவர்க்கோழி இந்த இடைவெளிக்குச் சற்று மேலே, 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸில், அதுவும் ஒரே சுருதியில் கூர்மையாகக் கத்துகிறது. கூடவே மொசைக் தரையும் காரைச் சுவரும் அதைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன.

பல்லி அப்படியல்ல. அதன் 'ச்சு ச்சு' ஒரே சுருதி இல்லை. தாழ்ந்ததும் உயர்ந்ததும் கலந்த, சட்டென்று தொடங்கி முடியும் சத்தம். மூளைக்கு இரண்டு கணக்கும் ஒருசேரக் கிடைத்துவிடுவதால் எந்தச் சுவர், எந்த மூலை என்று உடனே தெரியும். பஞ்சாங்கத்தில் கௌளி பலன் திசையை வைத்துச் சொல்லப்படுகிறது. பலன் பலிக்கிறதோ இல்லையோ, திசை பார்க்கச் சரியான பிராணியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுவர்க்கோழியை வைத்து எழுதியிருந்தால் அந்த சாஸ்திரம் முதல் வாரத்திலேயே தகராறில் முடிந்திருக்கும்.

சந்துகளில் இன்னொரு வேலை நடக்கிறது. நாலு மீட்டர் அகலச் சந்தில் யாராவது கூப்பிட்டால், நேராக வரும் குரலுக்குப் பின்னாலேயே எதிர்ச்சுவரில் பட்ட குரலும், அது மறுபடி பட்டுத் திரும்பிய குரலும் சில மில்லிநொடி இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். நியாயப்படி ஒரே ஆளின் குரல் நாலைந்து பக்கமிருந்து கேட்க வேண்டும். மூளை முதலில் வந்ததை மட்டும் திசைக்கு எடுத்துக்கொண்டு, பின்னால் வருவனவற்றை அதனோடேயே சேர்த்துவிடுகிறது. 1949இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். இந்தத் தந்திரம் ஓய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்க, வெள்ளையடித்த இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்: தட்டு முடிந்தபின் 'ட்ர்ர்' என்று ஓர் அதிர்வு வால்போல் தொங்கும்.

தெருவில் விற்கிறவர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் புத்தகம் இல்லாமலே தெரியும். கீரை விற்கும் அம்மா "அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை" என்று தெளிவாக உச்சரித்துக்கொண்டு போவதில்லை. கடைசி உயிரெழுத்தை இழுத்து, மேலே ஏற்றி, ஒரு வளைவு வளைத்து விடுகிறார். காரணம், ககரமும் சகரமும் தகரமும் பலம் குறைந்த, உயர்ந்த சுருதிச் சத்தங்கள். தெருமுனையில் திரும்ப அவற்றால் முடியாது. நீண்ட அலைகள் மூலையைச் சுற்றி வளையும், குறுகிய அலைகள் நேராகப் போய்ச் சுவரில் முட்டும். அடுத்த தெருவில் இருப்பவருக்குச் சொல் போய்ச் சேராது. மெட்டு போய்ச் சேரும். ஆகவே விற்கிறவர்கள் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லைக் கைவிட்டார்கள். மூன்றாம் மாடியிலிருப்பவர் "உப்பு வந்திருக்கு" என்று கூடையை இறக்குவது வார்த்தையைக் கேட்டு அல்ல. சோன்பப்டிக்காரரும் ராத்திரி குல்ஃபிக்காரரும் இன்னும் புத்திசாலிகள்: மனிதக் குரலையே விட்டு மணிக்குப் போய்விட்டார்கள். மணியோசை கூர்மையானது, போக்குவரத்தின் உறுமலுக்கு மேலே தனியாகத் தெரிவது.

இப்போது தள்ளுவண்டிகளில் பேட்டரி ஒலிபெருக்கி வந்துவிட்டது. பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் என்று ஒரே குரல் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. தொண்டை புண்ணாகாமல் பிழைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாற்பது டிகிரி வெயிலில் கத்திக்கொண்டு வண்டி தள்ளிப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லட்டும். ஆனால் ஒன்று போய்விட்டது. முன்பு குரலை வைத்தே வருவது யார், அவர் எந்தப் பக்கம் நகர்கிறார், களைத்திருக்கிறாரா என்பதெல்லாம் தெரிந்தது. பதிவுக் குரலுக்குக் களைப்பில்லை. இதற்கு அவர்களைத் தள்ளியதும் மற்ற சத்தங்கள்தான். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று 1911இல் எட்டியன் லோம்பார்ட் என்ற பாரிஸ் காது மருத்துவர் எழுதினார். உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு, அதற்கப்புறம் பேட்டரிதான்.

தண்ணீர் லாரி வந்த தெருவில் குடங்களைக் கவனியுங்கள். குழாயை வாயில் சொருகியதும் தாழ்ந்த 'கொடகொட'. நிரம்ப நிரம்பச் சுருதி ஏறும். பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டே நிற்கும் பெண், குடத்தைப் பார்க்காமலே சரியான நொடியில் குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றுவார். குடத்துக்குள் மிச்சமிருக்கும் காற்று கழுத்து வழியாக அதிர்கிறது. காற்றின் கொள்ளளவு குறையக் குறைய அதிர்வு வேகமாகிறது. காலியிடம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்போது சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும், கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு. கண்ணைக் கட்டிவிட்டுப் பாத்திரத்தை நிரப்பச் சொல்லிய ஆய்வுகளிலும் மனிதர்கள் காதை வைத்தே விளிம்பை ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, தண்ணீருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது? தண்ணீர் தண்ணீரில் விழுவதால் என்று தோன்றும். உண்மையில் விழும்போது மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகள்தான் பாடுகின்றன. குமிழி சிறிதானால் சுருதி உயர்வு: ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், ஒரு சென்டிமீட்டர் ஆரமென்றால் சுமார் 330. பெல்ஜியத்தில் பிறந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933இல் இந்தக் கணக்கைக் கொடுத்தார். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் குழாய்ச் சொட்டுக்கும் இதுவே விடை. கேம்பிரிட்ஜ் பொறியாளர் அனுராக் அகர்வாலும் அவருடைய குழுவினரும் அதிவேகக் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள்: சொட்டு நீர்ப்பரப்பைத் தொடும் கணம் கிட்டத்தட்ட ஓசையே இல்லாதது. அது உண்டாக்கும் குழி மூடும்போது அடியில் ஒரு சிறு குமிழி சிக்கி நடுங்குகிறது. அந்த நடுக்கம் நீர்ப்பரப்பையே ஆட்டிக் காற்றில் சத்தமாகிறது. பிளம்பர் நாளைக்குத்தான் வருவார் என்றால், கீழே இருக்கும் வாளியில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைச் சில துளி விடலாம். பரப்பு இழுவிசை குறைந்து குமிழி சிக்காமல் போகும். சொட்டும், ஆனால் பேசாது.

சுடுபாலில் பூஸ்ட் பொடியைப் போட்டு வேகமாகக் கலக்கிவிட்டு, கரண்டியால் டம்ளரின் அடியில் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் மந்தமாக விழும் ஓசை, தட்டத் தட்ட ஏறிக்கொண்டே போகும். கலக்கும்போது புகுந்த நுண்குமிழிகள் பானத்துக்குள் ஒலியின் வேகத்தைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. அவை வெளியேற வெளியேற வேகம் மீள்கிறது. ஃபிராங்க் கிராஃபோர்ட் 1982இல் இதை ஓர் இயற்பியல் இதழில் விளக்கமாக எழுதினார். வீட்டில் குழந்தைகள் இருந்தால் காட்டுங்கள். அதற்கப்புறம் டம்ளர் உடைந்தால் நான் பொறுப்பல்ல.

மாலையில் ஏதோ ஒரு மாடியில் மிருதங்கச் சாதகம் தொடங்கும். இரண்டு தெரு தள்ளியும் அதில் சுருதி தெரியும். பாட்டுக்குச் சேர்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடலாம். சாதாரணத் தோல் மேளத்துக்கு இது முடியாது. விறைப்பாகக் கட்டிய வட்டத் தோலின் மேலதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதங்களில் எழுவதால் காது எதையும் சுருதியென்று பிடித்துக்கொள்ள முடியாமல் வெறும் 'தொம்' என்று கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் கல்பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்துப் பூசும் கறுப்பு வட்டம், தோலின் நடுவைக் கனமாக்கி, அந்த அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு இழுத்துவந்துவிடுகிறது. வீணைக் கம்பியிலும் இந்த வரிசைதான். இதைக் கண்டுசொன்னவர் சி. வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார், 1934இல் விரிவாக. ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்கியவர் என்று மட்டும் நினைவில் இருப்பவர், முதலில் பல ஆண்டுகள் ஒலி பற்றி ஆராய்ந்தவர். அவர் படித்த மாநிலக் கல்லூரி திருவல்லிக்கேணியிலிருந்து நடக்கும் தூரம். பூச்சு எவ்வளவு போதும் என்று தட்டித் தட்டிக் காதால் முடிவு செய்த தோல்தொழிலாளர்கள், சமன்பாடு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே விடையைக் கண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த இதழிலும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்டால் கேட்கும் சத்தங்கள். கேட்டாலும் கேட்காத ஒன்று உண்டு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்று பாருங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிருக்கும் இரும்பு இருமுறை காந்தமேறி, நூலிழை அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. ஆகவே அது 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது. பாடகர்கள் கணக்கில் இது ஐந்து கட்டைக்கு ஒரு துளி மேலே. கர்நாடக இசையில் பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில்தான் தம்புராவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, சபா சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிக்கெட் இல்லாமல், மின்வாரியம் ஊர் முழுக்க ஆதார சுருதி போட்டுக்கொண்டிருக்கிறது.

கனடாவில் ஆர். மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் இதை வேடிக்கையாகச் சோதித்திருக்கிறார். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் நகரங்களின் ஒலிச்சூழலைப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கி, 1973இல் வான்கூவர் நகரின் சத்தங்களை இசைத்தட்டாக வெளியிட்டவர். மாணவர்களைத் தளர்வாக உட்காரச் சொல்லி, மனசுக்கு வந்த சுருதியை முனகச் சொன்னார். மின்சாரம் 60 முறை மாறும் வட அமெரிக்காவில் அதற்கேற்ற சுருதியும், 50 முறை மாறும் ஐரோப்பாவில் அதற்கேற்ற சுருதியும் அதிகம் வந்தனவாம். இதை ஒரு கறாரான ஆய்வாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. நல்ல கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். மாறாத சத்தத்தை மூளை முக்கியமில்லை என்று ஒதுக்கிவிடுகிறது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பக்கத்துக் கட்டடத்து ஏசி எல்லாம் அந்தக் கணக்கில் போகின்றன. ஆனால் செவிப்பாதை நரம்புச் செல்களில் ஒரு பகுதி, சத்தம் நிற்கும்போது மட்டும் துடிக்கும் வகை. ஆகவே கரண்ட் போன அந்த விநாடியில்தான், இத்தனை நேரம் என்னவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது தெரிகிறது. மின்வெட்டால் கிடைக்கும் ஒரே ஆதாயம் அது என்று நினைக்கிறேன்.

இப்போது டெசிபலுக்கு வரலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் எல்லை. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 50, 40. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் சென்னை உட்பட ஏழு நகரங்களில் தானியங்கி ஒலிமானிகளை நிறுவத் தொடங்கியது. திருவல்லிக்கேணியிலும் ஒன்று உண்டு. பிரதான சாலையில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு 55 என்பது எவ்வளவு தூரத்துக் கனவு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒலிமானி சராசரியைச் சொல்லும். ஒரே எண்ணைப் பஸ் ஹாரனும் தரும், கோயில் நாகஸ்வரமும் தரும், பெரிய மசூதிப் பக்கத்து வெள்ளிக்கிழமைக் கூட்டமும் தரும். ஆனால் தெரு இழப்பது எதை என்பது எண்ணில் இல்லை. தாழ்ந்த சுருதிச் சத்தம் உயர்ந்த சுருதியை மூழ்கடிக்கும், உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மூழ்கடிக்காது என்று வெகல், லேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1924லேயே காட்டிவிட்டார்கள். என்ஜின் உறுமலும் ஜெனரேட்டரும் முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளை. அதாவது பேச்சில் அர்த்தம் இருக்கும் பகுதியை. வயதானால் நம் காதில் முதலில் தேய்வதும் அந்த உயர்ந்த சுருதிகள்தான். பாட்டிக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருப்பது பாதி அவருடைய காதால், பாதி நம் சாலையால். எனக்கு இரைச்சல்மேல் உள்ள முதல் புகார் அது தலைவலி தருகிறது என்பதல்ல. தூரத்தையும் திசையையும் ஆளையும் சொல்லிக்கொண்டிருந்த சத்தங்களை அது அழிக்கிறது என்பதுதான். நூறு மீட்டர் கேட்ட இடத்தில் இருபது மீட்டர் கேட்கிறது. நம் பேட்டை சுருங்கிவிடுகிறது.

பறவைகள் இதற்கு ஏற்பச் சுருதியை மாற்றிக்கொள்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சலான இடங்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை ஸ்லாபெகூர்னும் பீட்டும் 2003இல் கண்டார்கள். தாழ்ந்த சுருதிகள் வண்டிகளோடு போய்விடுவதால் அவற்றை விட்டுவிட்டன. 2020 ஊரடங்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் எதிர்த்திசையில் ஒரு சோதனை தானாக நடந்தது. சாலைகள் அடங்கியதும் அங்குள்ள வெண்தலைக் குருவிகள் சத்தத்தைக் குறைத்தன. கைவிட்டிருந்த தாழ்ந்த சுருதிகளுக்குத் திரும்பின. மெதுவாகப் பாடியும் முன்பைவிட அதிக தூரம் கேட்டது. அந்த ஏப்ரலில் சென்னையிலும் பலர் குயில் அதிகமாகிவிட்டது என்றார்கள். ஏப்ரல் குயிலுக்கு எப்போதுமே சீசன்தான். ஆண்குயில் தாழத் தொடங்கி ஒவ்வொரு கூவலுக்கும் படியேறும். வழக்கமாக நமக்குக் காதில் விழுவது மேல்படிகள் மட்டும். அந்த மாதம் கீழ்ப்படிகளும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஊகம் என்று சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவு கையில் இல்லாததுதான். வான்கூவரில் 1973இல் பதிவு செய்தவர்களின் வழிவந்தவர்கள் 1990களில் திரும்பப் போய்ப் பதிவு செய்து, எது போயிற்று, எது வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது. திருவல்லிக்கேணிக்கு அதைச் செய்யப் பல்கலைக்கழகம் தேவையில்லை. கீரை விற்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் தெருமுனையில் திரும்பும்வரை கைப்பேசியை நீட்டிப் பிடித்தால் போதும். பதிவோடு இடம், தேதி, மணி, அன்றைய வெப்பநிலை, காற்று கடல் பக்கமா மேற்குப் பக்கமா என்பதையும் எழுதி வையுங்கள். கோல்டிங்காம் ஒவ்வொரு பீரங்கி வெடிக்கும் அப்படிக் குறித்து வைத்ததால்தான் இருநூறு ஆண்டு கழித்தும் அவருடைய அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, ஜூலை மாத வேகத்தில் வெயிலின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்று யாராலும் கணக்குப் போட முடிகிறது.